ஸ்வீடன் போகாமலே பார்த்த அரசியலமைப்பு நெருக்கடி

பணி ஓய்வு பெற்றபோது எனக்கு இருபத்தேழு வயது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆக்லாந்தில் ஒரு தமிழ் மன்றத்துக்குச் செயலாளராக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே ஒரு வருஷம் என்பது அரசாங்க உத்தியோகத்தில் எத்தனை வருஷத்துக்குச் சமம் என்று. பென்ஷன் கிடையாது. பிரிவுபசாரம் என்று எதுவும் நடக்கவில்லை. மிஞ்சிய உளுந்து வடையில் ஒரு பை கட்டிக் கொடுத்தார்கள், அதுவும் நான் கேட்டதால்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இன்றைய செயலாளர் ஹரிணி. பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். மன்றத்தின் ஆண்டு மலருக்காக என்னைத் துரத்திக்கொண்டே இருந்தாள். யாப்பு, அதாவது மன்றத்தின் சட்டதிட்டம், மாற்றிய அந்தப் பொதுக்கூட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். தலைவர் மேடையில் அழுதார் என்கிறார் ஒருவர். அவர் மனைவி கரண்டியோடு துரத்தினார் என்கிறார் இன்னொருவர். அழவும் இல்லை, துரத்தவும் இல்லை. கரண்டி மட்டும் உண்மை.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து அரசியல் வரலாறு படிக்க வந்தேன். உதவித்தொகை தந்த பேராசிரியருக்கு வடக்கு ஐரோப்பாதான் உயிர். ஆகவே எனக்கும் வடக்கு ஐரோப்பா உயிரானது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஸ்வீடன் நாட்டுப் பழமைவாத அரசியல்வாதி ஒருவரை. பெயரை எழுதினால் உச்சரிப்புத் தகராறு வரும், விட்டுவிடுவோம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால் அந்த நாட்டு மன்னர், அரண்மனை முற்றத்தில் திரண்டு வந்த விவசாயிகள் முன் நின்று, தன் அமைச்சரவைக்குப் பிடிக்காத ஒரு பேச்சைப் பேசிவிட்டார். படைபலத்தை உடனே பெருக்க வேண்டும் என்று. அரசாங்கத்தின் கொள்கையைச் சொல்ல வேண்டியது மன்னரா அமைச்சரா என்று பெரிய ரகளை. அமைச்சரவை விலகியது. சட்டத்தைக் கரைத்துக் குடித்த நம்முடைய பழமைவாதப் பெரியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சில வருஷம் கழித்து, போர்க்காலச் சாப்பாட்டுத் தட்டுப்பாட்டில் அந்த நாற்காலி அவரிடமிருந்தும் போனது.

நான் ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் நாலு பேரோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு இதை எழுதிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு ஆசையில் மன்றத்துப் பொங்கலுக்குப் போனேன். அங்கேதான் தலைவர் குமாரகுலசிங்கத்தைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் குலம் அண்ணை. எங்களுக்குக் குலம் சார். ஐம்பதைத் தாண்டியவர், பென்ரோஸில் ஒரு சரக்குக் கிடங்கில் மேலாளர். ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிற இடத்துக்கு டை கட்டிக்கொண்டு போகிற ஒரே மனிதர். என்ன படிக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். எல்லோரும் அந்த இடத்தில் பாயசம் எடுக்கப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை.

"அந்த ராசா யாப்பை மீறினவரோ?" என்றார்.

மீறினாரா இல்லையா என்றுதான் நூறு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எழுதும். ஆனா உம்மட ஆள் அந்தப் பதவியை எடுத்தது பிழை. பிழையான கதவால வந்த பதவி."

அடுத்த வாரம் நான் செயலாளர். எங்கள் பழைய யாப்பில் தலைவருக்கு இருந்த ஒரே சர்வாதிகாரம், செயலாளரை வெளியிலிருந்து நியமிக்கலாம் என்பதுதான். மற்றப் பதவிகளுக்கு வாக்குரிமை உள்ளவர்தான் நிற்கலாம். எனக்கு வாக்கு கிடையாது. ஏனென்றால் மன்றத்தில் வாக்கு குடும்பத்துக்குத்தான். ஒரு குடும்பம், ஒரு வாக்கு. கல்யாணம் ஆகாத நான் குடும்பம் இல்லை. ஆக, எழுதுவேன், அறிவிப்பேன், நாற்காலி அடுக்குவேன், கை தூக்க மாட்டேன்.

குலம் சாருடைய கூட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிடங்கு வரவேற்பு மேசையில் இருக்குமே, தட்டினால் 'டிங்' என்கிற மணி, அதில் பழசாகிப்போன ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருப்பார். அதை அவர் இரண்டாம் முறை தட்டி யாரும் பார்த்ததில்லை. முதல் தட்டுக்குப் பிறகு அப்படி ஒரு பார்வை பார்ப்பார். ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக் கூடாது, எல்லாம் தலைவரூடாகப் போக வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று சொல்வதற்குக்கூட ஆட்கள் எழுந்து நின்று "தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்த காலம் அது. பாதி பேர் கேலிக்குத்தான் செய்தார்கள். அவருக்கு அது கேலி என்று தெரியும். ஆனாலும் முறைப்படி அனுமதி தருவார்.

தேநீர் இடைவேளை என்று நிகழ்ச்சி நிரலில் எழுதினேன். அடித்துவிட்டு 'ஒத்திவைப்பு' என்று போட்டார். ஒரு தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாவிட்டால், அது எவ்வளவு நல்ல யோசனையானாலும் அவர் காதில் விழாது. ஒருமுறை மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. எல்லோரும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடக் காவலாளியைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். "வழிமொழிவது ஆர்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வழிமொழிந்த அத்தனை கைகளும் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வரவேண்டியிருந்ததால் தாமதம் ஆனது.

அவர் மனைவி சாந்தினி அக்கா மருத்துவமனையில் நர்ஸ். சமையலறைப் பொறுப்பாளர். அவரும் தலைவரூடாகத்தான் பேச வேண்டும். "தலைவர் அவர்களே, சோறு ஆறுது" என்பார். பதிவு செய்யப்படும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் நாட்டில் சங்கங்களுக்கான சட்டம் மாறியது. பதிவு செய்த சங்கங்கள் எல்லாம் புதிய யாப்பு எழுதி மறுபடி பதிய வேண்டும், இல்லாவிட்டால் பதிவு போய்விடும். வரைவு எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. எனக்கு அப்போது ஆய்வு முடிந்து நியூ லின்னில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்தது. கையில் நேரம் இல்லை, வேகம் மட்டும் நிறைய. ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டு வயதான எல்லோருக்கும் ஆளுக்கொரு வாக்கு என்று எழுதினேன்.

குலம் சார் அதை இரண்டு முறை படித்தார். ஒரு வீட்டுக்குள் இரண்டு வாக்கு வந்தால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு நடக்காது, குடும்பம் ஒன்றாக யோசித்து ஒரு முடிவோடு வருவதுதான் நமக்குப் பழக்கம், அதைக் கலைப்பது மடத்தனம் என்றார். பிறகு சொன்னார்: "நான் இதை எதிர்ப்பன். நீர் நிரலில போடும்."

அந்தச் செய்தி பரவியது. மாணவர்கள் எல்லாம் வந்து மன்றத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று பழைய அங்கத்தவர்களுக்குப் பயம். பொங்கல் விருந்தன்று, ஏவன்டேலில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியே, கார் பார்க்கில் அவர்கள் கூடினார்கள். எங்கள் போஷகரைச் சூழ்ந்துகொண்டார்கள். போஷகர் என்றால் மன்றத்தை ஆரம்பித்த டொக்டர் ஐயா. இந்த ஊரில் பாதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர்தான் காய்ச்சல் பார்த்தவர். எண்பது வயதிலும் நிமிர்ந்த நடை. யாப்புப்படி அவருக்கு ஆலோசனை சொல்லலாம் என்பதற்கு மேல் அதிகாரம் இல்லை. ஆனால் டொக்டர் ஐயா சொன்னால் யார் மறுப்பது?

ஜூஸ் வைத்திருந்த சில்லி பின்னின், அதாவது ஐஸ் பெட்டியின், மேல் யாரோ அவரை ஏற்றிவிட்டார்கள். அவரும் ஏறிவிட்டார். இது குடும்பங்களின் மன்றம், தான் உயிரோடு இருக்கும்வரை அது அப்படியே இருக்கும், தலைவரும் செயற்குழுவும் அதற்கு உடன்பாடு என்று அறிவித்துவிட்டார். கைதட்டல். நான் ஒரு தட்டில் கத்தரிக்காய்க் கறியோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நூறு பக்கம் எழுதிய அரண்மனை முற்றம், கண்ணெதிரே, ஒரு டொயோட்டாவுக்கும் இன்னொரு டொயோட்டாவுக்கும் நடுவில்.

குலம் சாரைப் பார்த்தேன். இனி என்ன, அவர் நினைத்தது அவர் வாய் திறக்காமலே நடந்துவிட்டது, எடுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். என் ஸ்வீடன்காரர் அப்படித்தான் செய்தார். குலம் சார் கைதட்டவில்லை. டை முடிச்சைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிறு ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. டொக்டர் வீட்டுக்குப் போகிறோம், செயலாளரும் வர வேண்டும், இது உத்தியோகபூர்வமான சந்திப்பு என்றார். நான் கீரைக்கட்டோடு போய் உத்தியோகபூர்வமாக உட்கார்ந்தேன்.

டொக்டர் ஐயா சந்தோஷமாக வரவேற்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. தேத்தண்ணி வந்தது. குலம் சார் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"ஐயா சொன்னது முழுக்க எனக்கும் சரி. ஆனா செயற்குழு முடிவெடுக்கேல்லை. அதை நீங்கள் சொல்ல ஏலாது."

"உமக்குச் சாதகமாய்த்தானே சொன்னன், குலம்?"

"அதாலதான் வந்தனான். எனக்கு எதிராச் சொல்லியிருந்தா விட்டிருப்பன்."

டொக்டர் தன் மனைவியைக் கூப்பிட்டு, இந்த மனிதருக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடு, கசப்பாக இருக்கிறார் என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார். அடுத்து வந்த பிள்ளைகளின் விளையாட்டு விழாவில், அதே கார் பார்க்கில், தான் சொன்னது தன் சொந்த அபிப்பிராயம் மட்டுமே என்று சொன்னார். அதே சில்லி பின்னில் ஏறித்தான் சொல்ல வேண்டும் என்று குலம் சார் விரும்பியதாக ஒரு வதந்தி உண்டு. அது வதந்தியல்ல. நான்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பழைய அங்கத்தவர்களுக்குக் கோபம். குலம் தங்கள் ஆள் என்று நினைத்திருந்தார்கள். இளையவர்களுக்கும் அவரைப் பிடிக்கவில்லை, அவர்தான் எதிர்த்துப் பேசப்போகிறாரே. இரண்டு பக்கமும் திட்டு வாங்கியதில் அவருக்கு ஒரு நிம்மதி வந்ததாக எனக்குத் தோன்றியது.

அடுத்து வந்ததுதான் கஷ்டமான விஷயம்.

கலைச்செல்வி அக்கா மதுரைக்காரர். முதியோர் இல்லத்தில் நர்ஸ். அந்த வேலையில்தான் விசா வாங்கி வந்தார், வந்தவுடன் மன்றத்திலும் சேர்ந்தார். கணவர் பிறகு வந்தார். சில வருஷத்தில் விவாகரத்து. அவர் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். மகளோடு கலை அக்கா மட்டும் இங்கே. அன்றிலிருந்து மன்றத்துப் பொதுக்கூட்டத்தில் அவருக்கு வாக்கு அட்டை தருவதில்லை. சர்க்கரைப் பொங்கல் கிண்டுவார், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடம் எடுப்பார், வாக்கு மட்டும் இல்லை.

அந்த அட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மஞ்சள் அட்டை. வாசலில் பொருளாளர் பஞ்சலிங்கம் அண்ணை நின்று கொடுப்பார். கூட்டம் என்றால் சாப்பாடு உண்டு, சாப்பாடு என்றால் வருகிற பெண்கள் எல்லோர் கையிலும் ட்ரே. இரண்டு கையிலும் ட்ரே வைத்திருப்பவரிடம் அட்டையை எப்படிக் கொடுப்பது? பின்னால் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வருகிற கணவரின் சட்டைப்பையில் அது போகும். வருஷக்கணக்காக அப்படித்தான். யாரும் யோசித்து ஏற்படுத்தியதில்லை, அதனாலேயே யாரும் யோசித்து மாற்றவுமில்லை.

யாப்பை வாக்குக்கு விடும் பொதுக்கூட்டத்துக்கு முந்தின வாரம் கலை அக்கா போன் செய்தார். "நிவேதா, எனக்கு அட்டை குடுப்பாங்களா மாட்டாங்களா? தெளிவா கேட்டுச் சொல்லு. மாட்டாங்கன்னா நான் வரவே இல்ல. இன்னொரு தடவை அந்த வாசல்ல நின்னு, 'வீட்டுக்காரர் எங்க'ன்னு கேக்கறதுக்குப் பதில் சொல்ல என்னால முடியாது. மன்றத்தையும் விட்டுடறேன், வகுப்பையும் விட்டுடறேன்."

ரயிலில் போகும்போது பழைய யாப்பைப் போனில் திறந்து பார்த்தேன். குடும்பத்திலிருந்து முதலில் அங்கத்தவராகச் சேர்ந்தவரே குடும்பத்தின் வாக்கை அளிப்பார் என்று இருந்தது. அவ்வளவுதான். கலை அக்காதான் முதலில் சேர்ந்தவர். சுலபமாக முடிந்தது என்று போனை மூடப் போனேன். நியூ லின் வந்துவிட்டது, இறங்க வேண்டும். இறங்கவில்லை. எனக்கு அடுத்த விஷயம் உறைத்துவிட்டது.

சாந்தினி அக்காவும் அப்படித்தான். நர்ஸாக முதலில் தனியாக வந்து மன்றத்தில் சேர்ந்தவர் அவர். குலம் சார் பிள்ளைகளோடு கொழும்பிலிருந்து ஒரு வருஷம் கழித்து, மனைவியின் விசாவில் வந்தவர். அந்தக் கதையை அவரே எத்தனையோ மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஊருக்கே தெரியும். தெரிந்த இரண்டு விஷயங்களை யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. கலை அக்காவுக்கு வாக்கு உண்டென்றால் குலம் சாருக்கு இல்லை. வாக்கு இல்லையென்றால் தலைவர் பதவியும் இல்லை.

மறுநாள் மதியம் பென்ரோஸுக்குப் போனேன். கிடங்குக்கு மேலே கண்ணாடி வைத்த சின்ன அறை, கீழே ஃபோர்க்லிஃப்ட்கள் பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்துகிற சத்தம். அவர் சோற்றுப் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார். கலை அக்கா கேட்டதைச் சொன்னேன். விதியைச் சொன்னேன். பிறகு, "சார், அப்படின்னா உங்களுக்கும்…" என்று இழுத்தேன்.

"விளங்குது. நான் என்ன பாலர் வகுப்போ?"

அவருக்கு ஒரு வழி இருந்தது, மரியாதையான வழியும்கூட. இத்தனை வருஷம் நடந்துவந்த வழக்கமே விதி என்று அவர் தீர்ப்புச் சொல்லலாம். ஒருவரும் குறை சொல்ல முடியாது. பழமைவாதிக்கு வழக்கம் என்பது சட்டத்துக்கு மூத்த அண்ணன் மாதிரி. அப்படிச் சொன்னால் அவர் பதவி நிற்கும், அட்டைகள் கணவர்களிடமே இருப்பதால் அவர் நம்புகிற குடும்ப வாக்கும் நிற்கும். கலை அக்கா மட்டும் போய்விடுவார். ஆர்வக்கோளாறில் இதையும் நானே எடுத்துச் சொன்னேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. "அந்தப் பிள்ளையை வரச் சொல்லும்," என்றார் கடைசியில். "அட்டை தருவன் எண்டு சொல்லாதையும். வரச் சொல்லும்."

வரச் சொன்னேன். கலை அக்கா வந்தார். அந்த நாள் அவர் கையில் ட்ரே இல்லை.

வாசலில் பஞ்சண்ணை அவருக்கு அட்டை தரவில்லை. கலை அக்கா நேராக உள்ளே போய், மேடைக்கு முன்னால் நின்று, "தலைவர் அவர்களே, எனக்கு அட்டை தரல" என்றார். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டொக்டர் ஐயா. பஞ்சண்ணை பின்னாலேயே ஓடிவந்தார். தலைவரூடாகத்தான் பேசினார், ஆனால் சத்தமாக. இவர் தனி ஆள், இது குடும்பத்துக்கான வாக்கு, தனி ஆளுக்கு இப்போதே வாக்குக் கொடுத்தால் புதிய யாப்பு எதற்கு என்று.

குலம் சார் மணியைத் தட்டினார். அமைதி. பழைய யாப்பின் அந்த வரியை மெதுவாக வாசித்தார். தாயும் மகளும் இருக்கிற வீடு குடும்பம்தான் என்றார். அந்தக் குடும்பத்தில் முதலில் சேர்ந்தவர் கலைச்செல்வி, ஆகவே வாக்கு அவருடையது, பொருளாளர் அட்டையைக் கொடுக்க வேண்டும் என்றார். பஞ்சண்ணை கொடுத்தார். கலை அக்கா வாங்கிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல், ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதோடு முடித்திருக்கலாம். அங்கிருந்த யாரும் மிச்சத்தைக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறக்கவே போவதில்லை. கூட்ட அறிக்கையில் தீர்ப்பை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குக் காத்திருந்தேன். அவர் எழுந்து நின்றார்.

"இதே விதிப்படி இந்த அட்டையை நான் வைச்சிருக்க ஏலாது," என்று சட்டைப்பையிலிருந்து தன் மஞ்சள் அட்டையை எடுத்தார். "எங்கட வீட்டில முதல் சேர்ந்தது நானில்லை. ஆகவே நான் தலைவருமில்லை. தலைவர் இல்லாத ஒருவர் நியமிச்ச செயலாளரும் இனிச் செயலாளர் இல்லை. பிள்ளை, மன்னிச்சுக்கொள்ளும்."

என் பேனா அந்த வாக்கியத்தின் நடுவில் நின்றது. எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பதவியில்லாதவள் எழுதினால் அது அறிக்கையாகுமா? மூடி போட்டு வைத்தேன். என் உத்தியோக வாழ்க்கை அந்த இடத்தில் முடிந்தது.

அவர் மேடையிலிருந்து இறங்கி, மண்டபத்தைக் கடந்து, சமையலறைப் பக்கம் நடந்தார். அங்கே சாந்தினி அக்கா சாம்பார் கிளறிக்கொண்டிருந்தார், ஒலிபெருக்கி சமையலறை வரை கேட்காது. ஒரு கையில் கரண்டி. கணவர் கூட்டத்தின் நடுவில் எழுந்து வந்து அட்டையை நீட்டுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்னப்பா, நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"

"இல்லை. இது உம்மட வாக்கு."

அவர் விளங்காமல் பார்த்தார். இவர் விதியைச் சொன்னார், அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்தில், எழுந்து நின்று வாசிப்பது போல. சாந்தினி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். கரண்டியை அவர் கையில் கொடுத்தார். அதுதான் அந்தக் கரண்டி.

மண்டபத்தில் ஒருவர் எழுந்தார். அவர் மனைவியும் நர்ஸ். அவர் போனார் சமையலறைக்கு. இன்னொருவர். அவர் மனைவி கணக்காளர், முதலில் வந்தவர். அவரும் போனார். எங்கள் ஊரில் எத்தனை ஆண்கள் மனைவியின் விசாவில் வந்தவர்கள் என்பது அன்றுதான் ஒரு வரிசையாக நின்று தெரிந்தது. கடைசியாக நின்றவர் பஞ்சண்ணை. அவர் மனைவி மகப்பேறு நர்ஸ். "இத்தனை நாளா என்ர அட்டையை வைச்சோ விளையாடினீங்கள்?" என்று அந்த அம்மா கேட்டது தலைவரூடாக இல்லை.

டொக்டர் ஐயா முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த விதியை எழுதியவர் அவர். பக்கத்தில் போய் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். பதவி போனதால் இப்போது நேராகவே பேசலாம். "அப்ப எங்களில ஒருத்தருக்கும் இங்க குடும்பம் இல்லைப் பிள்ளை. எல்லாரும் தனியத்தான் வந்தனாங்கள். முதல் வந்தவைக்கு ஒரு மரியாதை இருக்கட்டும் எண்டு எழுதினன்."

அன்றைக்கு மட்டும் கூட்டத்தை நடத்த ஒருவரைச் சபை தேர்ந்தெடுத்தது. வேறு யார், குலம் சார்தான். கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆளுக்கொரு வாக்கு என்கிற புதிய யாப்பை எதிர்த்து, சொன்னபடியே, பேசினார். நன்றாகவும் பேசினார். இரவுச் சாப்பாட்டு வாதம் உட்பட. பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு என்றதும் முதலில் உயர்ந்த அட்டைகளில் ஒன்று சாந்தினி அக்காவுடையது. இதுவரை தூக்காத கை என்பதால் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது. குலம் சார் அதையும் விரல் நீட்டி எண்ணினார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு, புதிய யாப்பு நிறைவேறியது என்று, ஹீட்டர் விஷயத்தை அறிவித்த அதே குரலில் அறிவித்தார். பிறகு ஒத்திவைப்பு. சாம்பார் அடிப்பிடித்திருந்தது.

நான் மறுபடி செயலாளராகவில்லை. வேலை கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அதைவிட நல்ல கூட்டம் ஒன்றில் இனி நான் உட்காரப் போவதில்லை என்று தோன்றிவிட்டது. சாதாரண அங்கத்தவராக, என் சொந்த வாக்கோடு, முதல் தேர்தலுக்குப் போனேன்.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். குலம் சாரும் கலை அக்காவும். குலம் சாருக்கு அந்தப் பதவி எவ்வளவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை சரியான கதவால் வரவேண்டும் என்று சந்தைக்கும் கோவிலுக்கும் போய், ஆள் ஆளாகப் பார்த்து, டை கட்டிக்கொண்டு வாக்குக் கேட்டார். புதிய யாப்பில் அவர் கேட்டுச் சேர்த்த ஒரே திருத்தம், கை தூக்கக் கூடாது, இரகசிய வாக்குச் சீட்டு வேண்டும் என்பது. வீட்டுக்குள் சண்டை வராமல் இருக்க அதுதான் வழி என்று வாதாடி வாங்கினார்.

கலை அக்கா ஒரு வாக்கில் ஜெயித்தார். பஞ்சண்ணை மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் ஒரு வாக்கு. குலம் சார் முதல் ஆளாகப் போய்க் கலை அக்காவுக்குக் கை கொடுத்து, மணியை அவர் மேசைக்கு நகர்த்தி வைத்தார்.

பிறகு கார் பார்க்கில் குலம் சார் தம்பதிக்குப் பின்னால் நான் என் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். சாந்தினி அக்கா காலி ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். குலம் சார் கார் கதவைத் திறந்தவர், உள்ளே ஏறவில்லை.

"சாந்தினி, நீர் ஆருக்குப் போட்டனீர்?"

சாந்தினி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது இரகசிய வாக்கெல்லோ. யாப்பில இருக்கு."

அவர் யாப்பின் அந்தப் பிரிவை மனதில் வாசித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஓம்," என்றார். "இருக்கு."

ட்ரேக்களை வாங்கிப் பின் சீட்டில் வைத்தார்.